பொதுப்பந்தியில் என் விரதம்

உயிர்க்கொலை பாவம் என்று மனதார நம்புகிற ஒருத்தி, ஆட்டுக்கறி பரிமாறும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாமா? கொலை தவறு என்றால், என் தட்டில் தவறாக இருப்பது பக்கத்துத் தட்டில் எப்படிச் சரியாகும்? அங்கேயும் தவறுதான் என்றால், அதே இடத்தில் சிரித்துப் பேசியபடி நான் தயிர்சாதம் சாப்பிடுவது என்ன நேர்மை? வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவில் கூட்டாஞ்சோறு போடும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழும். இதற்கான பதிலை வெளியே எங்கும் தேடிப் போகவில்லை. நான் நடக்கிற மார்க்கத்துக்குள்ளேயே அது இருந்தது.

என் தகப்பனார் சன்மார்க்க சங்கத்தவர். வீட்டில் ஒரு கண்ணாடிக் கூண்டு விளக்கும் வள்ளலார் படமும்தான் வழிபாடு. தைப்பூசத்துக்குத் திருக்கோவிலூர், பண்ருட்டி வழியாக வடலூர் போவோம். ஏழு திரைகள் விலகி ஜோதி தெரியும் அந்த நேரத்துக்காக விடியற்காலைக் குளிரில் நெரிசலில் நிற்போம். புலால் மறுப்பு எங்களுக்குச் சாதியோடு வந்ததல்ல. எங்கள் உறவில் பாதிப்பேர் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பவர்கள். தாத்தா காலம் வரை எங்கள் வீட்டிலும் எடுத்தார்கள். அப்பா நிறுத்தினார், நாங்கள் தொடர்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் கறி சாப்பிடாதவர் என்று தெரிந்ததும் ‘அவங்க இன்னா ஆளுங்க’ என்று துழாவுகிற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை.

1989-ல் வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் வேங்கிக்காலில் இருப்பதால் அதைச் சுற்றிப் பல துறைகளின் அலுவலகங்கள். ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு, செங்கம், ஜவ்வாதுமலை என்று மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் கோப்புப் பார்க்கிறோம். பொங்கலுக்கு முன்னால் ஒரு கூட்டாஞ்சோறு, யாராவது பணி நிறைவு பெற்றால் ஒன்று, தீபத் திருவிழா வேலைகளெல்லாம் ஓய்ந்த பிறகு ஒன்று. லட்சக்கணக்கான ஜனம் ஊரில் வந்து இறங்கிப் போன பிறகு, இரவு பகலாகப் பணிபார்த்த களைப்பில், அந்தச் சாப்பாடு எங்களுக்குத் தேவைப்படும்.

தேதி முடிவானதும் தட்டச்சர் ஒரு வெள்ளைத்தாளை மேசை மேசையாக அனுப்புவார். ஆரணிக்காரர் சீரக சம்பா பிரியாணி என்று எழுதுவார். போளூரிலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். ஜவ்வாதுமலைத் தம்பி சாமைச் சோறு. வந்தவாசிப் பக்கத்து அம்மா எலுமிச்சைச் சாதம். அவர் நயினார் வீட்டவர், சமணர், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார், தேன்கூடத் தொடமாட்டார். ஓட்டுநர் கார்த்திகை முதல் தேதியே மாலை போட்டுவிடுவார்: “என் தட்டு தனியா இருக்கட்டும் மேடம்.” கிருத்திகை பார்ப்பவர்கள், புரட்டாசி முழுக்கத் தொடாதவர்கள், தவக்காலத்தில் கறி தவிர்க்கும் கிறிஸ்தவத் தோழி என்று எங்கள் பிரிவிலேயே ஒரு முழுப் பஞ்சாங்கம் இருக்கிறது. ஆகவே விரதம் என்பது சைவர்களின் தனிச்சொத்தல்ல. அநேகமாக எல்லோருமே ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒன்றை ‘வேண்டாம்’ என்று சொல்லுகிறவர்கள்தான்.

ஒரு தடவை பக்கத்துப் பிரிவிலிருந்து வந்திருந்த முஸ்லிம் தோழி என்னருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “பிரியாணி வாசனை நல்லாத்தான் இருக்கு மேடம். எந்தக் கடைக் கறின்னு கேட்டா அவரு சங்கடப்படுவாரோன்னு கேக்கல. உங்க தயிர்சாதத்துல கொஞ்சம் வைங்க.” ஹலால் கறியா என்று தெரியாமல் அவர் சாப்பிட முடியாது, கறியே சாப்பிட முடியாதவள் நான். இரண்டு பேருடைய தட்டிலும் அன்று ஒரே சோறு. ஆரணிக்காரர் இதைக் கேள்விப்பட்டு வருத்தப்பட்டார். அதன்பிறகு பிரியாணி அண்டாவின் மூடிமேல் ‘பாய் கடைக் கறி’ என்று ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருக்கும்.

பிரச்சினை இவர்களில் யாரிடமும் இல்லை. அது இருக்கும் இடமே வேறு. எங்கள் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிற அக்கா, கூட்டாஞ்சோறு என்றால் கடையிலிருந்து லட்டோ மைசூர்பாகோ வாங்கி, கடைக்காரர் கட்டிய நூல்கூடப் பிரிக்காமல் கொண்டுவந்து வைப்பார். எங்கள் எல்லோரிலும் சம்பளம் குறைந்தவர் அவர். அன்றைக்கு அதிகம் செலவழிப்பவரும் அவரே. “வீட்ல செஞ்சதையே எடுத்துட்டு வரலாமேக்கா, எதுக்குக் காசைக் கொட்டுறீங்க?” என்று கேட்டேன். “வேணாம் மேடம். அப்படியே மிஞ்சிப்போனா, திருப்பி எடுத்துட்டுப் போறது கஷ்டமா இருக்கும்” என்றார்.

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

ஒருவர் நீட்டும் உணவை ‘வேண்டாம்’ என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அதில் இருக்கிற பொருள் எனக்கு ஆகாது. மற்றது, அதைச் சமைத்த கை எனக்கு ஆகாது. முதலாவது விரதம், இரண்டாவது தீண்டாமை. ஆனால் மேசைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு இரண்டும் ஒரே சொல்லாகத்தான் கேட்கும், ஒரே கையசைப்பாகத்தான் தெரியும். பல தலைமுறைகளாக இரண்டாவது காரணத்துக்காகவே மறுக்கப்பட்டுப் பழகிய ஒருவர், இன்று நான் முதல் காரணத்துக்காக மறுக்கிறேன் என்று எப்படி அறிவார்? அதை அவர் ஊகித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். தெரியவைக்கவேண்டியவள் நான்.

இதெல்லாம் பழங்கதை என்பவர்களுக்குக் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரை நினைவுபடுத்துகிறேன். 2023 செப்டம்பரில் அங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் காலை உணவுத் திட்டச் சமையலைச் செய்தவர் பட்டியலினப் பெண் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போகவேண்டி வந்தது. அந்தத் திட்டத்தில் போடுவது உப்புமா, கிச்சடி, பொங்கல். கறியும் இல்லை, மீனும் இல்லை. மறுக்கப்பட்டது ரவை அல்ல.

அதற்கும் சுமார் நூறு ஆண்டு முன்னால் சேரன்மாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பண உதவி செய்தது. முதல் தவணையாக 5,000 ரூபாய் கொடுத்தது. பிராமணச் சிறுவர் இருவருக்கு மட்டும் தனியே சாப்பாடு போடப்படுகிறது என்று தெரியவந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து எழுந்தார்கள். ஐயர் தேசபக்தர், படித்தவர், தனிப்பட்ட முறையில் சாதிக்கட்டுப்பாட்டில் பிடிப்புள்ளவரும் அல்லர். பெற்றோரின் மனம் புண்படக்கூடாது என்ற எண்ணத்தில் அந்த ஏற்பாட்டை அனுமதித்தார். இரண்டு குடும்பங்களின் மனம் பார்க்கப்பட்டது. தனிப்பந்தியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு சாப்பிட்ட மற்றப் பிள்ளைகளின் மனம் யார் கணக்கிலும் வரவில்லை. காந்தி வரை போன தகராறு அது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் ஐயர் இறந்துபோனார். அந்தப் பந்தியின் காயம் அரசியலில் வெகுகாலம் ஆறவில்லை. விருந்தில் ‘அவரவர் விருப்பம்’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சேரன்மாதேவி ஞாபகம் வரும். எது விருப்பம் என்று ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்காமல் அந்தச் சொல்லை ஏற்கக்கூடாது.

இனி என் சொந்தக் கேள்விக்கு வருகிறேன்.

வடலூரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. 1867 மே 23-ல் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை; 1872 ஜனவரி 25-ல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபை. சிறு வயதிலிருந்து இரண்டுக்கும் போய்வந்திருக்கிறேன். சபையின் வாசலில் ஒரு நிபந்தனை உண்டு: கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே போகலாம், மற்றவர்கள் வெளியில் நின்று வழிபடவேண்டும். சாலையில் அப்படி எதுவும் கிடையாது. பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் இலை உண்டு. என்ன சாதி, என்ன மதம், எந்த ஊர், நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பாரில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. இரண்டையும் அமைத்தவர் ஒருவரே. கொலை மறுப்பில் அவரைவிடக் கண்டிப்பானவரைத் தமிழில் காட்டமுடியாது. புலால் உண்பவர்களைப் புறவினத்தார் என்றே அவர் வகுத்தார். அந்தக் கடுமையை நான் மறைக்கமாட்டேன், மென்மையாக்கவும் மாட்டேன். ஆனால் அதே மூச்சில், அவர்களுக்கும் பசிக்குச் சோறு போட்டே ஆகவேண்டும் என்றார். கோட்டைப் போட்டவரே அந்தக் கோடு எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட்டார்.

அலுவலகத்தின் சாப்பாட்டு மேசை இவற்றில் எது? என்னைப் பொறுத்தவரை அது சாலை. அதைச் சபையாக்கப் பார்ப்பவர்கள்தான் பிசகுகிறார்கள். என் பூஜை விளக்கின் முன்னால், என் வீட்டு அடுப்பில், என் தட்டில் நான் நிபந்தனை போடலாம். பத்து வீட்டுச் சோறு வந்து சேரும் மேசைக்கு நான் வாயிற்காவலாள் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவரே சொன்னார். “சாலையில பசிச்சவனுக்குச் சோறு போடுறோம்மா. உங்க ஆபீஸ்ல யாரு பசிச்சுக் கிடக்கிறா? எல்லாரும் சம்பளக்காரங்க.” நியாயமான கேள்வி. நெடுநாள் யோசித்தேன். வயிற்றுப் பசி அங்கே இல்லைதான். ஆனால் நூல் பிரியாத மைசூர்பாகுப் பொட்டலத்தைப் பார்த்தவள் நான். நம் வீட்டுச் சோற்றை இவர்கள் தொடுவார்களா என்ற ஏக்கமும் ஒரு பசிதான். அதைத் தீர்ப்பதும் ஜீவகாருண்யத்தில் சேரும் என்றே நம்புகிறேன். உயிர்க்கு நேரும் துன்பத்தைக் கண்டு உருகுவதே அந்த ஒழுக்கத்தின் வேர் என்றால், ஆட்டுக்காக உருகும் மனம் அந்த அக்காவுக்காகவும் உருகவேண்டும்.

இங்கே என்னையே சோதித்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. போளூர் அக்கா கருவாட்டுக் குழம்புத் தூக்கைத் திறந்தால் எனக்குக் குமட்டும். அது உடம்பின் பழக்கம். கவுச்சியோடு வளராத மூக்கு அப்படித்தான். ஆனால் அந்தக் குமட்டலைக் கருணை என்று நான் நினைத்துக்கொள்ளக்கூடாது. மீனுக்காக இரங்குவது வேறு, மீன் நாற்றத்துக்கு முகம் சுளிப்பது வேறு. முதலாவது இருப்பவருக்குச் சமைத்தவர்மேல் வெறுப்பு வராது. இரண்டாவது மட்டும் இருப்பவருக்கு, நாற்றத்திலிருந்து தூக்கு, தூக்கிலிருந்து கை, கையிலிருந்து ஆள் என்று வெறுப்பு படியேறும். சைவர்கள் பலர் தங்களிடம் இருப்பது எது என்று ஒருநாளும் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டுக்கொள்வது நல்லது. குமட்டினால் நாலடி தள்ளி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளலாம். முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் போதும். விருந்தினர் முகம் வாடுவதற்கு ஒரு பார்வையே போதும் என்பது வள்ளுவர் சொல்லிப்போனது. அவர் விருந்தோம்பலை இல்லறவியலிலும் புலால் மறுத்தலைத் துறவறவியலிலும் வைத்திருப்பதைக் கவனியுங்கள். புலால் மறுப்பு இல்லறத்தாருக்கு வேண்டாம் என்பது அதற்குப் பொருளல்ல. ஆனால் விருந்தைக் கைவிட்டுவிட்டு அடுத்த படிக்குத் தாண்டிப் போக வழியில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊரிலேயே இந்தக் கேள்வியோடு வாழ்ந்தவர் ரமணர். 1896-ல் இங்கே வந்தவர் 1950-ல் மறையும்வரை ஊரை விட்டு நகரவில்லை. மிதமான சாத்விக உணவே நியமங்களில் சிறந்தது என்று ‘நான் யார்?’ நூலில் சொன்னவர். அவரே, வெங்காயத்துக்கும் முருங்கைக்காய்க்கும் பயந்து ஒதுங்கிய தன் தாய் அழகம்மாளை, மோட்சத்துக்கு வெங்காயம் பெரிய இடைஞ்சல் என்று கேலிசெய்து அந்தப் பயத்தைக் கரைத்தார். உணவு நியமம் மனசைத் தெளியவைக்கத்தான். அதுவே மனசுக்குப் புதிய மூட்டையாகிவிட்டால் என்ன பயன்? ஆனால் ஆசிரமத்து உணவுக்கூடத்தில் அந்தக் காலத்தில் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், நடுவே தடுப்பு என்று இருந்தது. ரமணர் இரு பக்கத்தாருக்கும் பொதுவாக நடுவில் அமர்ந்தார். தனக்கென்று தனியாக எது வந்தாலும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடச் சொன்னார். அவர்மேல் எனக்குள்ள பக்தி பெரிது. இருந்தாலும் அந்தத் தடுப்பு இருந்திருக்கக்கூடாது என்பதே என் கருத்து. அங்கே இலையில் விழுந்தது இரு பக்கமும் ஒரே சைவச் சாப்பாடு. அப்படியிருக்கத் தடுப்பு எதைத் தடுத்தது?

இன்னும் பின்னால் போனால் புத்தர் காலத்திலேயே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. பிட்சுக்கள் அனைவரும் ஆயுள் முழுதும் மீனும் இறைச்சியும் தொடக்கூடாது என்று விதி செய்யவேண்டும் என்பது தேவதத்தன் முன்வைத்த ஐந்து கோரிக்கைகளில் ஒன்று. புத்தர் ஏற்கவில்லை. விரும்புகிறவர் அப்படி இருக்கலாம், எல்லோருக்கும் கட்டாயமாக்கமாட்டேன் என்றார். தனக்காகவே கொல்லப்பட்டது என்று கண்டாலோ கேட்டாலோ சந்தேகித்தாலோ வாங்கக்கூடாது. மற்றபடி, இடுபவர் இட்டதை வாங்கிக்கொள்ளவேண்டும். பிட்சைப் பாத்திரம் ஏந்திப் போகிறவன் ஏழை வீட்டு வாசலில் நின்று ‘உன் சோறு எனக்கு ஆகாது’ என்று சொல்வதில் உள்ள கொடுமையை அவர் கண்டிருக்கவேண்டும். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். இட்ட கறியை என்னால் உண்ணமுடியாது. ஆனால் விரதத்தைச் சட்டமாக்கக் கேட்டவன் பெயர் தேவதத்தன் என்பதை மறக்கமாட்டேன்.

சட்டமாக்குவது இன்றும் நடக்கிறது. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஓர் உணவகத்தில், சைவம் உண்போருக்குத் தனி வாசல், கைகழுவத் தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கண்டனம் எழுந்ததும் எடுத்தார்கள். தனிக் கரண்டி எனக்குப் புரிகிறது. கைகழுவும் தொட்டியில் எந்த விரதம் கெடுகிறது?

‘எல்லோரும் உண்ணக்கூடியது சைவம் ஒன்றுதான், ஆகவே பொதுச் சாப்பாடு சைவமாகவே இருந்துவிட்டால் என்ன?’ என்று நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் உண்டு. சீக்கியர்களின் லங்கரை உதாரணம் காட்டுவார்கள். லங்கர் மகத்தானது, ஆனால் அது ஒரே அடுப்பு, ஒரே சமையல், எல்லோரும் சேர்ந்து சமைப்பது. கூட்டாஞ்சோறு அப்படியல்ல, ஒவ்வொருவரும் தம் வீட்டைத் தூக்கில் எடுத்துவருகிறார்கள். 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவு அமைப்பு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் அசைவம் உண்போர் 97 சதவீதத்துக்கு மேல். அத்தனை பேரிடமும் ‘உங்கள் வீட்டில் சிறப்பாகச் சமைப்பது எதுவோ அதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருவள்ளுவர் நாளிலும் வடலூர் வள்ளலார் நினைவு நாளிலும் மகாவீரர் ஜெயந்தியிலும் அரசே கறிக்கடைகளை மூடச்சொல்கிறது. அதற்குமேல் என் பங்கு, கேட்பவருக்குக் கொலை மறுப்பைப் பற்றி அன்போடு சொல்வது. கேட்காதவர் தட்டைப் பார்த்துப் பேசுவது அல்ல.

மாட்டுக்கறி பற்றியும் சொல்லவேண்டும். 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்த ஏற்பாடு செய்தது. கோழி, ஆடு எல்லாம் உண்டு. மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்தது, மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது, மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. எங்கள் தாளில் இன்றுவரை யாரும் மாட்டுக்கறி என்று எழுதியதில்லை. உண்பவர் எங்கள் பிரிவில் இல்லை என்று நான் நினைக்கவில்லை. எழுதக்கூடாது என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள். சன்மார்க்கத்தில் நிற்கும் எனக்கு இது தெளிவான விஷயம். வள்ளலாருக்கு ஆட்டின் உயிரும் மாட்டின் உயிரும் கோழியின் உயிரும் ஒன்று. கொலையில் உயர்ந்த கொலை, தாழ்ந்த கொலை கிடையாது. ஆட்டுப் பிரியாணியை மேசையில் ஏற்றிக்கொண்டு மாட்டுப் பிரியாணியைத் தடுப்பவர் கருணையைப் பேசவில்லை. தின்பவர் யார் என்று பார்த்துத் தடுக்கிறார். அந்தத் தடையில் என் விரதத்தின் பெயரை யாரும் பயன்படுத்தக்கூடாது.

இவ்வளவையும் யோசித்து, சண்டை போட்டு, எங்கள் பிரிவில் சில வழக்கங்கள் படிந்திருக்கின்றன. இரண்டு மேசை உண்டு, இரண்டு அறை கிடையாது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதனதன் கரண்டி. பிரியாணியில் போட்ட கரண்டி குஸ்காவுக்கு வராது. மூடிமேல் துண்டுச்சீட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று உண்மையாக எழுதவேண்டும்: முட்டை சேர்ந்த கேக், பூண்டு போட்ட ரசம், எந்தக் கடைக் கறி என்பதெல்லாம். வேறோர் இடத்தில், மாலை போட்டிருந்தவருக்குச் சோயா என்று சொல்லிக் கோழியைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை விளையாட்டு என்று ஏற்கமாட்டேன். ஒருவருடைய விரதத்தை அவருக்குத் தெரியாமல் உடைப்பது, அவர் கடவுளுக்குக் கொடுத்த வாக்கைத் திருடுவது. அடுத்து, கறி சாப்பிடுவோர் சைவப் பதார்த்தங்களை முதலிலேயே அள்ளிவிட்டால் சைவருக்கு மிச்சமிருப்பது வெறும் அப்பளம்தான். ஆகவே அது மட்டுமே உண்பவர்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். இது மேல்வரிசை மரியாதை அல்ல என்று சொல்லியே எடுக்கிறோம். ஆக முக்கியமானது இது: அலுவலக உதவியாளர், ஓட்டுநர், தூய்மைப் பணியாளர் எல்லோரும் மற்றவர்களோடு சேர்ந்தே உட்காருகிறார்கள். பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் வழக்கம் நின்றது. முதல் நூற்றாண்டில் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் பொதுவிருந்துக்கு உணவு கொண்டுவந்து, வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்ன, இல்லாதவர் பசித்து நின்றதைப் பவுல் கடிந்து எழுதியிருக்கிறார். நம் சமத்துவ விருந்துகளில் அந்தக் கடிதம் இன்னும் வேலை செய்யவேண்டியிருக்கிறது.

அந்த அக்காவிடம் பிறகு ஒருநாள், தாள் சுற்றுவதற்கு முன்பே போய்க் கேட்டேன். பொதுவாக ‘ஏதாவது கொண்டுவாங்க’ என்று கேட்கவில்லை. வேர்க்கடலை இடித்துப் போட்டு முருங்கைக்கீரை வதக்குவதாக அவர் பேச்சில் சொல்லியிருந்தார். “அது எனக்கு வேணும்க்கா, நான் சாப்பிடுற மாதிரி செஞ்சு எடுத்துட்டு வாங்க” என்றேன். தயங்கினார். கொண்டுவந்தார். எல்லோரும் பார்க்க முதல் கரண்டி நான் எடுத்துக்கொண்டேன், பிறகு நயினார் வீட்டு அம்மா. மதியம் முடியும்போது பாத்திரம் காலி.

புலால் மறுத்தவர்களிடம்தான் இதை முக்கியமாகச் சொல்கிறேன். ‘சுத்தம்’ என்ற சொல்லைப் பிறர் நம்மைக் காட்டித்தான் பயன்படுத்துகிறார்கள். ஊரில் மிகக் கண்டிப்பானவர் என்று பேரெடுத்த ஒருவர், ஒதுக்கப்பட்டவர் கையால் சமைத்ததை உண்டுவிட்டால், மற்றவர்கள் சுத்தத்தின் பேரைச் சொல்லி ஒதுங்க இடமில்லாமல் போகிறது. கறி சாப்பிடும் தோழர்களைவிட இதில் நமக்குத்தான் அதிகாரம் இருக்கிறது, ஆகவே பொறுப்பும் நமக்கே. உங்கள் அலுவலகத்தில் யார் எப்போதும் கடைப் பொட்டலத்தோடு வருகிறார் என்று பாருங்கள். அடுத்த கூட்டாஞ்சோற்றுக்குத் தாள் வருவதற்கு முன்னால் அவரிடம் போங்கள். அவர் வீட்டில் செய்கிற கீரையையோ பருப்பையோ பெயர் சொல்லிக் கேளுங்கள். தயங்கினால் வற்புறுத்தவேண்டாம், அடுத்த முறையும் கேளுங்கள். கொண்டுவந்தால் முதலில் நீங்கள் எடுத்துச் சாப்பிடுங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடவேண்டாம்.